ஐபி டிப்ளமோவுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது? ஒரு முழுமையான வழிகாட்டி

2023 ஆகஸ்டில் ஒரு மாணவியும் அவளுடைய அம்மாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் பெரிய துணிப்பை. அதிலிருந்து பதினான்கு புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினார்கள். முந்தைய ஆண்டு ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட் என்ற சர்வதேசப் பள்ளிப் படிப்பு) முடித்த சொந்தக்காரப் பையனிடமிருந்து பாதி, இணையத்தில் வாங்கியது மீதி. எல்லாமே தரமான புத்தகங்கள்தான். ஆனால் இயற்பியலிலும் வேதியியலிலும் அவள் எழுதப்போகும் தேர்வுக்கான புத்தகம் ஒன்றுகூட அந்த அடுக்கில் இல்லை. அந்த மாதம்தான் அறிவியல் பாடங்களுக்குப் புதிய பாடத்திட்டம் தொடங்கியிருந்தது. அந்த அம்மாவின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. யாராவது ஒருவர் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

சென்னையில் ஐபி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஜூலை பிறந்தாலே "சார், எந்தப் புக் வாங்கணும்?" என்ற அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: ஐபி அமைப்பு 1968-இல் ஜெனிவாவில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலில் இந்தப் படிப்பைக் கொண்டுவந்தது நம் கொடைக்கானலில் உள்ள சர்வதேசப் பள்ளி, 1976-இல். டிப்ளமோ என்பது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான இரண்டு ஆண்டுகள். ஆறு பாடங்கள். வழக்கமாக மூன்றை உயர்நிலையில் (எச்எல்) எடுக்க வேண்டும், மூன்றைப் பொதுநிலையில் (எஸ்எல்). எச்எல்லுக்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்எல்லுக்கு 150 மணி நேரம் என்பது கணக்கு. பாடத்துக்கு 7 வீதம் 42. டோக் எனப்படும் அறிவுக் கோட்பாடு, ஈஈ எனப்படும் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை இரண்டும் சேர்ந்து 3. ஆக மொத்தம் 45.

படி 1: ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரி: பாடத்தின் முழுப் பெயர், நிலை, தேர்வு எழுதப்போகும் மாதமும் ஆண்டும். உதாரணமாக, "கணிதம், ஏஏ, எச்எல், மே 2028."

கணிதத்தில் இது ரொம்ப முக்கியம். 2021 தேர்விலிருந்து ஐபியில் இரண்டு கணிதப் பாடங்கள் இருக்கின்றன. ஏஏ என்பது பகுப்பாய்வு, நிறுவல் பக்கம் சாய்ந்தது. ஏஐ என்பது பயன்பாடு, புள்ளியியல், மாதிரியாக்கம் பக்கம் சாய்ந்தது. செயற்கை நுண்ணறிவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டிலும் எச்எல், எஸ்எல் உண்டு. ஆக, நான்கு வெவ்வேறு படிப்புகள், நான்கு வெவ்வேறு புத்தகத் தொகுப்புகள். "ஐபி மேத்ஸ் புக்" என்று கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுப்பார். அது உங்கள் பிள்ளையுடையதாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான்.

முதல் சில வாரங்களில் பாடம் மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். எச்எல்லிலிருந்து எஸ்எல்லுக்கு இறங்குவார்கள், ஏஏ-விலிருந்து ஏஐ-க்குப் போவார்கள். அதனால் இந்தத் தாள் உறுதியாகும் வரை, அதாவது செப்டம்பர் நடுப்பகுதி வரை, எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது. அதுவரை பள்ளி நூலகம் போதும்.

படி 2: முதலில் "கைடு" கையில் இருக்கட்டும்

நம் ஊரில் கைடு என்றால் கேள்வி-பதில் போட்டுக் கடையில் விற்கும் புத்தகம். ஐபியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். சப்ஜெக்ட் கைடு என்பது ஐபி அமைப்பே வெளியிடும் பாட ஆவணம். எதைப் படிக்க வேண்டும், எந்த ஆழம் வரை படிக்க வேண்டும், எந்தப் பகுதி எச்எல்லுக்கு மட்டும், எந்தத் தாளுக்கு எத்தனை சதவீதம், உள்மதிப்பீட்டுக்கு (ஐஏ) எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கேள்வித்தாள் எழுதுபவரும் அதைத்தான் பார்க்கிறார், பாடநூல் எழுதுபவரும் அதைத்தான் பார்க்கிறார். மாணவர்களில் பெரும்பாலோர் மட்டும் கடைசி வரை அதைத் திறந்தே பார்ப்பதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கென்று ஐபி வைத்திருக்கும் இணையதளத்தில் இது கிடைக்கும். மாணவர் நேரடியாக அங்கே போக முடியாது, பாட ஆசிரியரிடம் கேளுங்கள். தயங்க வேண்டியதே இல்லை, கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும். பாடச் சுருக்கம் ஒன்றையும் ஐபி எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. ஓரிரு பக்கம்தான், ஆனாலும் பாடம் முடிவுசெய்யும் கட்டத்துக்கு அது போதும்.

கைடு கிடைத்ததும் பாடப்பகுதியை மட்டும் அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டும் அது மேசையில் இருக்க வேண்டும். கூடவே, கணிதத்துக்கு ஃபார்முலா புக்லெட், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் டேட்டா புக்லெட். தேர்வறையில் இதே புக்லெட்டைத்தான் கொடுப்பார்கள். முதல் வாரத்திலிருந்தே அதைப் புரட்டிப் பழகிய பிள்ளை, எந்தச் சூத்திரம் எந்தப் பக்கத்தில் என்று தேடி நேரத்தை வீணாக்காது.

படி 3: "முதல் தேர்வு" ஆண்டைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஐபி ஒவ்வொரு பாடத்தையும் திருத்துகிறது. திருத்திய கைடின் அட்டையில் "முதல் தேர்வு" என்று ஓர் ஆண்டு இருக்கும். பாடநூல் அட்டையிலோ பின்னட்டையிலோ முன்னுரையிலோ அதே ஆண்டு இருக்க வேண்டும். புத்தகம் அச்சான ஆண்டு வேறு, இது வேறு. பழைய பாடத்திட்டப் புத்தகத்தை அண்மையில் மறு அச்சுப் போட்டிருக்கலாம்.

இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு அந்த ஆண்டு 2025. அதற்கு முந்தையது 2016. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? நிறைய. முன்பு விருப்பப் பகுதி என்று ஒன்று இருந்தது. இயற்பியலில் சார்பியல், பொறியியல் இயற்பியல், பிம்பவியல், வானியற்பியல் ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிப்பார்கள். இப்போது விருப்பப் பகுதியே கிடையாது. சிறப்புச் சார்பியலும் திண்பொருள் சுழற்சியும் எச்எல் மாணவர் எல்லோருக்கும் கட்டாயமாகிவிட்டன. பழைய புத்தகத்தில் அவை கடைசியில், "வேண்டுமானால் படி" என்ற இடத்தில் கிடக்கும். வேதியியலில் முன்பு 21 தலைப்புகள் இருந்தன. இப்போது "அமைப்பு" மூன்று, "வினை" மூன்று என்று முழுவதையும் இரண்டு தூண்களில் நிறுத்திவிட்டார்கள். உயிரியல் நான்கு கருப்பொருள்களாகவும், ஒவ்வொன்றும் மூலக்கூறு முதல் சூழல்தொகுதி வரை நான்கு அடுக்குகளாகவும் பிரிந்திருக்கிறது. தேர்வில் மூன்றாம் தாள் போய்விட்டது. முதல் தாளில் ஏ பகுதி பல்விடை வினா, பி பகுதி தரவு வினா. முதல் தாளுக்கு 36 சதவீதம், இரண்டாம் தாளுக்கு 44, ஐஏ-வுக்கு 20.

மற்ற சில பாடங்கள்: கணிதம் இரண்டும் 2021, பொருளியல் 2022, வணிக மேலாண்மை 2024. உளவியலும் கணினி அறிவியலும் 2027. இந்தக் கடைசி இரண்டு பாடங்களை எடுத்தவர்கள் பழைய புத்தகக் கடைப் பக்கமே போக வேண்டாம். எந்தப் பாடமானாலும் வாங்கும் முன் ஆசிரியரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், திருத்தம் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும்.

இணையத்தில் வாங்கும்போது பல பதிப்புகள் ஒரே பெயரில், கிட்டத்தட்ட ஒரே அட்டையோடு வரும். அப்போது ஐஎஸ்பிஎன் எண்ணை மட்டும் நம்புங்கள். பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் அந்தப் பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பனைப் பக்கத்தில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: பாடத்துக்கு ஒரே ஒரு பாடநூல்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பியர்சன், ஹாடர், கணிதத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஹேஸ் என்று ஐபிக்குப் பாடநூல் போடும் பதிப்பகங்கள் சில உண்டு. சில புத்தகங்களில் "ஐபியுடன் இணைந்து உருவாக்கப்பட்டது" என்று இருக்கும், சிலவற்றில் "ஐபியின் ஒப்புதல் பெறாமல் தனியாக உருவாக்கப்பட்டது" என்று இருக்கும். முதல் வகை கைடோடு ஒட்டிப் போகும் என்று ஓரளவு எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த வரியைப் பார்த்து வாங்கிய புத்தகங்களிலும் விளக்கம் வறண்டவை உண்டு. இரண்டாம் வகையிலும் அருமையான ஆசிரியர்கள் எழுதியவை உண்டு.

பள்ளி ஒரு புத்தகத்தைச் சொல்லியிருந்தால் அதையே வாங்குங்கள். வகுப்பில் பக்க எண் சொல்லி வீட்டுப்பாடம் கொடுப்பார்கள், வேறு புத்தகம் வைத்திருக்கும் பிள்ளை தினமும் தவிக்கும். பள்ளி தேர்வை உங்களிடம் விட்டிருந்தால் இப்படிச் சோதியுங்கள்.

கைடைத் திறந்து, பிள்ளைக்கு ஏற்கெனவே கடினமாகத் தெரிந்த ஒரு தலைப்பை எடுங்கள். என் பாடத்தில் மின்காந்தத் தூண்டலை எடுக்கச் சொல்வேன். இரண்டு மூன்று புத்தகங்களில் அந்தத் தலைப்பை மட்டும் பிள்ளையே உட்கார்ந்து படிக்கட்டும். நூலகத்தில் படிக்கலாம், பதிப்பகத் தளத்தில் மாதிரிப் பக்கம் இருந்தால் அங்கேயும் படிக்கலாம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளினால் மின்னோட்டம் ஏன் எதிர்த்திசையில் ஓடுகிறது?" என்று கேளுங்கள். லென்சின் விதி என்று பெயரை மட்டும் சொன்னால் அந்தப் புத்தகம் அவனுக்கு விளக்கவில்லை. எதிர்க்காவிட்டால் ஆற்றல் சும்மா உண்டாகிவிடும் என்று தன் வார்த்தையில் சொன்னால் அதுதான் அவனுக்கான புத்தகம். பெற்றோருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை தடுமாறுகிறதா, தெளிவாகப் பேசுகிறதா என்பது முகத்திலேயே தெரியும்.

அப்புறம் பயிற்சிக் கணக்குகளைப் பாருங்கள். விடை மட்டும் பின்னால் இருந்தால் போதாது. தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு வழிமுறையோடு கூடிய தீர்வு வேண்டும். சில பதிப்பகங்கள் அதை இணையத்தில் தருகின்றன, அதற்கான குறியீடு புத்தகத்தோடு வரும். அந்தக் குறியீட்டுக்குக் காலக்கெடு இருக்கலாம், பழைய புத்தகத்தில் அது ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம்.

கணிதத்துக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கைகள். ஹேஸ் புத்தகங்கள் இரண்டு தொகுதிகளாக வரும். ஒன்று ஏஏ, ஏஐ இரண்டுக்கும் பொதுவான அடிப்படை, மற்றொன்று அந்தந்தப் பாடத்துக்கானது. இரண்டாவதை மட்டும் வாங்கிவிட்டு முக்கோணவியலைக் காணோம் என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றது கால்குலேட்டர். ஏஏ-யின் முதல் தாளில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை, ஏஐ-யில் எல்லாத் தாளிலும் உண்டு. புத்தகம் எந்த மாடல் வரைபடக் கால்குலேட்டரை வைத்து வழி காட்டுகிறது, பிள்ளையிடம் இருப்பது எது என்று பொருத்திப் பாருங்கள். டெக்சாஸ் கருவியின் விசைகளைக் காட்டும் பக்கம் கேசியோ வைத்திருப்பவருக்குப் பயன்படாது.

இரண்டாவது பாடநூல் வேண்டாமா? வேண்டாம். ஒரே தலைப்பை இரண்டு புத்தகத்தில் இரண்டு குறியீட்டில் படித்துக் குழம்புவதுதான் நடக்கிறது. எங்காவது புரியவில்லை என்றால் அந்தத் தலைப்புக்கு மட்டும் நூலகத்தில் வேறொன்றைப் புரட்டலாம்.

படி 5: திருப்புதல் கைடு, ஆனால் பிறகு

பாடநூலைச் சுருக்கி மெல்லிய புத்தகமாக விற்கும் திருப்புதல் கைடுகள் உண்டு. முதல் ஆண்டில் இவற்றை வாங்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுருக்கம் என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டுவது. தெரியாதவருக்கு அது மனப்பாடப் பட்டியலாகிவிடும். தரவைக் கொடுத்து "மதிப்பிடுக", "விவாதிக்க" என்று கேட்கும் ஐபி வினாக்களுக்கு மனப்பாடம் உதவாது.

முதல் ஆண்டின் இறுதியில் பிள்ளை தானே குறிப்பு எழுதியிருந்தால் அதைவிடச் சிறந்த திருப்புதல் கைடு கிடையாது. அப்படி எழுதாத ஒன்றிரண்டு பாடங்களுக்கு மட்டும் இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் வாங்கலாம். வாங்கியதும் கைடின் பாடப்பகுதியைப் பக்கத்தில் வைத்து, விடுபட்ட தலைப்புகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுபட்டவை கட்டாயம் இருக்கும்.

படி 6: பழைய வினாத்தாளும் மார்க் ஸ்கீமும்

பாடநூலுக்கு அடுத்து செலவழிக்கத் தகுந்தது இதுதான். வினாத்தாளைவிட, எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று திருத்துபவருக்குச் சொல்லும் மார்க் ஸ்கீமில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. "கூறுக" என்றால் ஒரு வரி, "விளக்குக" என்றால் காரணம், "மதிப்பிடுக" என்றால் நிறை குறை இரண்டையும் சொல்லி முடிவு. இந்த ஏவல் சொற்களுக்குக் கைடிலேயே பொருள் தந்திருக்கிறார்கள். பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். மூன்று மதிப்பெண் வினாவுக்குத் தனித்தனியாக மூன்று கருத்து வேண்டும் என்பது தெரியாமல் ஒரே கருத்தை மூன்று விதமாக எழுதிவிட்டு வருவார்கள்.

பள்ளியில் ஆசிரியரிடம் பழைய தாள்கள் இருக்கும், ஐபியும் விற்கிறது. அறிவியலில் 2025-க்கு முந்தைய தாள்களைத் தூக்கி எறிய வேண்டாம். வினாக்களைத் தனித்தனியாகப் பிரித்து, புதிய கைடில் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று எழுதிப் பயன்படுத்தலாம். அந்தப் பிரித்தெழுதும் வேலையே ஒரு நல்ல திருப்புதல். ஆனால் நேரம் வைத்து முழுத் தாளாக எழுதிப் பார்ப்பதற்குப் பழைய அமைப்பு உதவாது. அதற்கு 2025 முதல் வந்த தாள்களும் ஐபி வெளியிட்ட மாதிரித் தாள்களும்தான். அவை எண்ணிக்கையில் குறைவு, அதனால் கடைசி இரண்டு தாள்களைத் தேர்வுக்கு முந்தைய ஏப்ரல் வரை தொடாமல் வைத்திருங்கள்.

படி 7: பாடநூலே தேவைப்படாத பாடங்கள்

இலக்கியத்துக்குப் பாடநூல் வாங்குவதைவிட, படிக்க வேண்டிய படைப்புகளையே நல்ல பதிப்பில் வாங்குங்கள். தாய்மொழி நிலையிலான இலக்கியப் பாடத்தில் எச்எல்லுக்கு 13 படைப்புகள், எஸ்எல்லுக்கு 9. பள்ளி எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறதோ அதே பதிப்பாக இருக்கட்டும், பக்க எண் ஒத்துப்போகும். ஓரத்தில் எழுத இடம் இருக்க வேண்டும். கதைச்சுருக்கக் கைடுகள் வேண்டவே வேண்டாம், அவற்றின் வாசனை விடைத்தாளில் அடிக்கும்.

வரலாற்றில் பள்ளி தேர்ந்தெடுக்கும் பகுதிகளைப் பொறுத்தே புத்தகம். தலைப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே விற்பதால், ஆசிரியரைக் கேட்காமல் வாங்கினால் பாதி வீணாகும்.

பொருளியலுக்கு ஒரு பாடநூல் போதும், அதோடு நாளிதழ் படிக்கும் பழக்கம் வேண்டும். முதல் தாளின் 15 மதிப்பெண் வினா நிஜ உலக உதாரணம் கேட்கிறது. ஐஏ-வுக்கும் செய்திக் கட்டுரைகளை வைத்து 800 சொல்லுக்கு மிகாமல் மூன்று விளக்கவுரைகள் எழுத வேண்டும். புத்தகத்தில் உள்ள உதாரணத்தையே எழுதினால் அறை முழுக்க அதே உதாரணம்தான் இருக்கும். டோக், ஈஈ இரண்டுக்கும் கைடும் பள்ளி நூலகமும் வழிகாட்டும் ஆசிரியரும் போதும்.

படி 8: நீட், ஜேஇஇ எழுதும் எண்ணம் இருந்தால்

இதை முதல் மாதமே முடிவுசெய்யுங்கள், ஏனென்றால் இங்கே ஐபி புத்தகம் மட்டும் போதாது. ஏஏ எச்எல் எவ்வளவு கடினமானாலும் அதில் அணிகளும் கூம்பு வெட்டிகளும் இல்லை, ஜேஇஇ-யில் உண்டு. புதிய ஐபி இயற்பியலில் லென்சுகள் வழியான பிம்பக் கணக்குகள் இல்லை, நீட்டில் உண்டு. நீட்டின் 180 வினாக்களில் 90 உயிரியல், அதற்கு என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகப் படித்தாக வேண்டும். என்சிஇஆர்டி விலை குறைவு, அதன் தளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஐபி கைடையும் என்சிஇஆர்டி பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொதுவானவை, என்சிஇஆர்டியில் மட்டும் உள்ளவை என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இரண்டாவது பட்டியலுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கினால் போதும்.

படி 9: பணம்

எச்எல் அறிவியல் புத்தகம் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். முன்னுரிமை வைத்து வாங்குங்கள்: முதலில் மூன்று எச்எல் பாடங்களுக்குப் பாடநூல், பிறகு எஸ்எல் கணிதமோ அறிவியலோ இருந்தால் அதற்கு, மற்றவை நூலகத்தில். நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து ஆளுக்கொரு திருப்புதல் கைடு வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஒளிநகல் எடுத்த கோப்புகள் குழுக்களில் சுற்றும். திருட்டுப் பிரதி என்பதோடு அவற்றில் பெரும்பாலானவை பழைய பாடத்திட்டம், முதலில் சொன்ன அதே குழிதான். மின்நூல் சந்தா வாங்கினால் தேர்வு மாதம் வரை செல்லுமா என்று பாருங்கள். மே மாதத் தேர்வுக்கு மார்ச்சோடு முடியும் சந்தாவை வாங்கி ஒரு மாணவன் தவித்ததைக் கண்ணெதிரே பார்த்தேன்.

பழைய புத்தகம் வாங்குவதில் தவறே இல்லை. படி 3-இல் சொன்ன ஆண்டு பொருந்தினால் சீனியரின் புத்தகம்தான் ஆகச் சிறந்தது, ஓரக்குறிப்புகளோடு வரும். படிப்பு முடிந்து நீங்கள் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும்போது, உள்ளட்டையில் பெரிய எழுத்தில் மூன்று விவரங்களை எழுதிக் கொடுங்கள்: பாடம், நிலை, முதல் தேர்வு ஆண்டு. 2023-இல் என் மேசைமேல் இருந்த அந்தப் பதினான்கு புத்தகங்களில் ஒன்றில்கூட அப்படி எழுதியிருக்கவில்லை.